குதிரையோடு பிழைக்க எதைப் படிப்பது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு அப்பாவோடு போய்ப் போய்க் குதிரைப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். இங்கிலாந்தில் ‘ஈக்வைன் சயின்ஸ்’ என்று மூன்று வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, முடித்தால் உலகம் பூராவும் வேலை என்கிறார் ஒரு ஏஜென்ட். அப்பாவோ, பேசாமல் கால்நடை மருத்துவம் படி என்கிறார். யார் சொல்வது சரி? குதிரையை நம்பிப் பிழைக்க முடியுமா?

அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் அரசு வேலை, ஊர் மரியாதை என்று அவர் மனதில் வைத்திருக்கக்கூடிய காரணங்களுக்காக நான் இதைச் சொல்லவில்லை. நான் கால்நடை மருத்துவர். பந்தயக் குதிரை, பண்ணைக் குதிரை, சவாரிப் பள்ளிக் குதிரை, கல்யாண ஊர்வலக் குதிரை என்று பத்தொன்பது வருடமாக இந்த விலங்கின் வாயையும் குளம்பையும் பார்த்தே பொழுது போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நடுவில் கதையும் வரும்.

முதலில் அந்தப் படிப்பு என்னவென்று பார்த்துவிடலாம். ஈக்வைன் சயின்ஸ் மருத்துவப் படிப்பு இல்லை. பல ஏஜென்ட்டுகள் இதை அழுத்திச் சொல்வதில்லை; சிலருக்குத் தெரியவும் தெரியாது. குதிரையின் உடற்கூறு, ஓடும்போது உடல் எப்படி வேலை செய்கிறது, தீவனம், இனப்பெருக்கம், நடத்தை, நடையின் இயக்கவியல், லாய நிர்வாகம், கொஞ்சம் வியாபாரக் கணக்கு, இவைதான் பாடங்கள். இங்கிலாந்தில் ஹார்ட்புரி, வேல்ஸில் அபெரிஸ்ட்வித், அயர்லாந்தில் லிமரிக், அமெரிக்காவில் கென்டக்கி, கொலராடோ ஸ்டேட் என்று பேர் சொல்லும் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நல்ல படிப்புதான், குறை சொல்ல மாட்டேன். தீவனத்தைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்த அளவு எங்களில் பல மருத்துவர்களுக்குத் தெரியாது.

ஆனால் அதை முடித்துவிட்டு வந்து இங்கே ஒரு குதிரைக்கு ஊசி போட முடியாது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். சரி, வைத்தியம் வேண்டாம், மேலாளர் வேலை பார்க்கிறேன் என்றால், இந்தியாவில் லாயம் வைத்திருப்பவர் யாரும் அந்தப் பட்டத்தைக் கேட்டு ஆள் எடுப்பதில்லை. ‘எத்தனை வருஷம் குதிரையோட இருந்திருக்க?’ இதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அநேகமாகக் கடைசிக் கேள்வியும் அதுதான். கென்டக்கியிலும் அயர்லாந்தின் கில்டேரிலும் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டிலும் கதை வேறு. அங்கே ஊரே குதிரையை வைத்து நடக்கிறது. தீவன நிறுவனம், இனப்பெருக்கப் பண்ணை, ஏல நிறுவனம், ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் பத்து மைல் சுற்றளவுக்குள் இருக்கும். அந்தப் படிப்பு அந்த ஊர்களுக்காக முளைத்தது. அங்கேயே தங்கி வேலை பார்க்கும் திட்டமும், வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் செலவழிக்கும் வசதியும் இருந்தால் போகலாம். லாய வேலைக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் காட்டி வேலை விசா வாங்குவது கஷ்டம் என்பதையும் ஏஜென்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று.

இனி, குதிரைக்கென்று தனியாக ஒரு அறிவியல் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாட்டைத் தெரிந்தவன் குதிரையையும் பார்த்துக்கொள்வான் என்று நம் ஊரில் நினைப்பவர்கள் அதிகம். இந்த நினைப்பு நமக்குப் பழையது. மாணிக்கவாசகரிடம் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்பிய பாண்டியனின் கதை உங்களுக்குத் தெரியும். கதையை விடுங்கள், பாண்டியர்கள் கடல் வழியாகக் குதிரைகளை இறக்கியது வரலாறு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அரசனும் அவன் சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்லும் காரணம், குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை, இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றைப் போடுகிறார்கள் என்பது. வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகளே வரவிடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்றும் சொல்கிறார். எண்ணிக்கையில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சோறு விஷயத்தை நான் முழுதாக நம்புகிறேன், ஏனென்றால் அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படிப்பு முடித்த சில வருடங்களில் நடந்தது. இரவு இரண்டு மணிக்குப் போன். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் வெள்ளைக் குதிரை ஒன்று படுத்துப் புரள்கிறதாம். போய்ப் பார்த்தால், உடம்பெல்லாம் வேர்வை, முன்காலால் தரையைக் கீறுகிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. சும்மா நிற்கும் குதிரைக்கு அது 28 முதல் 44க்குள் இருக்க வேண்டும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பையன்தான் சொன்னான், பந்தியில் மிஞ்சிய சாதம், ஒரு அண்டா. ‘நாமளும் அதைத்தானே சார் சாப்பிடறோம்’ என்றார் உரிமையாளர். அவர் குதிரையைத் தன் பிள்ளை போல வைத்திருந்தவர். அதுதான் பிரச்சினையே.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பைக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் தசை, உள்ளே மட்டும் திறக்கும் கதவு மாதிரி. இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பையின் கொள்ளளவு ஏறக்குறைய 8 முதல் 15 லிட்டர்தான். கொஞ்சம் கொஞ்சமாக, நாளெல்லாம் புல் மேய்வதற்காக அமைந்த வயிறு அது. மாடு முன்வயிற்றில் நொதிக்க வைத்து, அசைபோட்டு, அப்புறம் செரிக்கிறது. குதிரைக்கு நொதித்தல் நடப்பது பின்னால், பெருங்குடலிலும் அதன் முனையில் உள்ள பெரிய பையிலும். மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் சிறுகுடலால் முழுதும் செரிக்க முடியாமல் மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. குடல் உப்புகிறது, வலி பிடிக்கிறது. அதோடு முடிவதில்லை. அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து, இரண்டு மூன்று நாளில் காலில் வந்து நிற்கும். குளம்புக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் மென்மையான அடுக்குகள் வீங்கிப் பிரிய ஆரம்பிக்கும். வயிற்றில் தின்றது பாதத்தில் வெடிக்கும் விலங்கு இது. மாட்டு வைத்தியம் மட்டும் தெரிந்தவர் வயிற்று வலி நின்றதும் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அன்று மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருந்ததை இறக்கினோம். வலிக்கு ஃபுளூனிக்ஸின், நரம்பில் பாட்டில் பாட்டிலாகத் திரவம். விடிந்ததும் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி வரச் சொல்லி, நாலு காலையும் இரண்டு நாளைக்கு ஐஸில் நிற்க வைத்தோம். பாத வீக்கத்தை முன்கூட்டியே தடுக்க இதைவிட நல்ல வழி இன்றைக்கும் இல்லை. குதிரை பிழைத்தது. முன்னங்கால் ஒன்றில் மட்டும் கொஞ்சம் பாதிப்பு மிஞ்சியது. மறுபடி ஊர்வலம் போக அரை வருடம் ஆயிற்று. இன்னொரு பக்கம் பாருங்கள், கொள்ளும் குதிரைமசாலும் நம் வயலில் விளைகிற குதிரைத் தீவனப் பயிர்கள். குதிரைமசாலின் பெயரிலேயே குதிரை இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டேதான் சோறு போட்டிருக்கிறார்கள்.

ஓட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்ததே அதுதான். நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரை ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு விடும். கூடவும் முடியாது, குறையவும் முடியாது; குடல் முன்னும் பின்னும் அசைந்து உதரவிதானத்தைத் தள்ளுவதும் சேர்ந்து, மூச்சும் காலும் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்கின்றன. வாயால் மூச்சு விடவும் அதற்கு வராது, மூக்கு மட்டும்தான். ஓட ஆரம்பித்ததும் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டும். நின்றபோது முப்பதாக இருந்த நாடித்துடிப்பு 220ஐத் தாண்டும். கல்லூரியில் இதைப் படித்த அன்று சாயந்திரமே கிண்டி பந்தய மைதான வேலியோரம் போய் நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்டேன். தாவலுக்கு ஒன்று, சரியாக வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். நாட்டில் குதிரை எவ்வளவு இருக்கிறது? 2012 கணக்கெடுப்பில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்ந்து இந்தியாவில் ஏறக்குறைய 6.25 லட்சம். 2019 கணக்கெடுப்பில் அது 3.4 லட்சம். ஏழு வருடத்தில் பாதிக்கு அருகில் போய்விட்டது. கழுதையும் கோவேறு கழுதையும் இன்னும் மோசம். ஜட்கா வண்டி போனது, பாரம் இழுக்கும் வேலை போனது. ஆகவே ‘குதிரைத் துறை வளர்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்தக் குதிரை என்று கேளுங்கள். மொத்தத்தில் சுருங்குகிறது, சில மூலைகளில் வளர்கிறது. அந்த மூலைகள் எங்கே என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பந்தயம். சென்னையில் 1777இலிருந்து பந்தயம் நடந்த இடம் கிண்டி. 1974இல் தமிழக அரசு பந்தயத்தைத் தடை செய்து சட்டம் போட்டது; 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமைக்கான ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் பெயரில் நாடு முழுக்கப் பந்தயம் தொடர்ந்தது. ஆனால் 2024இல் கிண்டி நிலத்தையும் ஊட்டிப் பந்தய மைதான நிலத்தையும் குத்தகைப் பிரச்சினையில் அரசு திரும்ப எடுத்தது. பந்தயப் பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, 2025இல் அதை 40 ஆக்கினார்கள். சூதாட்டத்தைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன கருத்தோ எனக்குத் தெரியாது. லாயத்தில் சம்பளம் வருவது அந்தப் பணத்திலிருந்துதான், அது குறைந்தால் இதுவும் குறையும். பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், மும்பை, புனே, கொல்கத்தா எல்லாம் இன்னும் ஓடுகின்றன. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது, ஒரே நாளில் ஐம்பது குதிரையைத் தொடலாம். வாழ்நாள் முழுக்க அதையே நம்பி இறங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

பந்தயக் குதிரையை வளர்க்கும் பண்ணைகள் புனே பக்கமும் பஞ்சாப் பக்கமும் அதிகம். அங்கே மருத்துவருக்கு வேலை பெரும்பாலும் பெட்டைக்குதிரைகளிடம். பதினொரு மாதச் சினை. குட்டி போடுவது அநேகமாக இரவில்தான், ஆள் நகர்ந்த நேரம் பார்த்துப் போடும். நம் நாட்டில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் பிறந்த நாள் கணக்கு ஜனவரி 1. அதனால் குட்டி வருட ஆரம்பத்திலேயே பிறக்க வேண்டும், ஒரு மாதம் முன்னால் பிறந்தது அந்த அளவுக்குப் பெரியதாக இருக்கும். பெட்டைக்குதிரை நீண்ட பகலில்தான் பருவத்துக்கு வரும் என்பதால் குளிர்காலத்தில் லாயத்தில் விளக்குப் போட்டு அதன் நாட்காட்டியை ஏமாற்றுவார்கள். இனப்பெருக்கத்தில் ஆர்வம் இருந்தால் ஈக்வைன் சயின்ஸ் படித்தவருக்கும் இங்கே ஓரளவு இடம் உண்டு.

அடுத்தது, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பாம்புக்கடி மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் ஆரம்பித்துக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். அதன் உடல் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. இரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைத் திரும்ப அதற்கே ஏற்றிவிடுவது முறை. அந்த விஷத்தில் பெரும்பகுதி நீண்ட காலமாக நம் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் புனே, ஹைதராபாத் பக்கம். ஒவ்வொன்றிடமும் நூற்றுக்கணக்கில் குதிரைகள் உண்டு. இந்தத் தொழிலுக்கும் பந்தயத்துக்கும் ஒரு பழைய உறவும் இருக்கிறது: 1946இல் தொடங்கிய புனேவின் பூனாவாலா பண்ணை, வயதான குதிரைகளை ஹாஃப்கின் நிறுவனத்துக்கு சீரம் எடுக்கக் கொடுத்து வந்தது. அதை நாமே செய்தால் என்ன என்ற யோசனையில் 1966இல் பிறந்ததுதான் சீரம் இன்ஸ்டிட்யூட். கோவிட் ஊசிக்கு முன்னால் அங்கே குதிரை இருந்தது. இந்தப் பண்ணைகளில் மருத்துவர் வேலை நிரந்தரமானது, பகட்டில்லாதது. குதிரை நலத்தைப் பற்றி அக்கறையுள்ளவர் ஒருவர் உள்ளே இருந்தால் நூறு குதிரையின் வாழ்க்கை மாறும். அங்கே அப்படிப்பட்ட ஆட்கள் போதவில்லை என்பது என் கருத்து.

ராணுவத்தின் ரிமவுண்ட் வெட்டர்னரி கோர் 1779இலிருந்து கணக்குச் சொல்லும் பழைய பிரிவு. கால்நடை மருத்துவப் பட்டத்தோடு போனால் கேப்டன் பதவியிலேயே சேரலாம். மீரட்டில் அவர்களுடைய பயிற்சி மையம் இருக்கிறது. மலை எல்லைகளில் பாரம் சுமக்கும் கோவேறு கழுதைகள், படைக் குதிரைகள், நாய்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தியாவில் குதிரை வைத்தியத்தை முறையாக, தினமும், சம்பளத்தோடு கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

விளையாட்டுதான் இப்போது வளரும் மூலை. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் டிரெஸ்ஸாஜ் (குதிரையை விதவிதமான நடையில் நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வாங்கியது, குதிரையேற்றத்தில் 41 வருடத்துக்குப் பிறகு. அந்த நால்வரும் பயிற்சி எடுத்தது ஐரோப்பாவில். ஒரு காரணம், இந்தியாவிலிருந்து குதிரையை நேராக வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்ப முடியாத நிலை. நோய்க் கட்டுப்பாட்டு விதிகள் அப்படி. 2025இல் மீரட்டின் ராணுவ மையத்தை உலக விலங்கு சுகாதார அமைப்பு நோயற்ற வளாகமாக ஏற்றுக்கொண்டது. இனி இங்கிருந்தே குதிரை போகலாம் என்று கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. பெங்களூருவைச் சுற்றியும் பிற பெருநகரங்களிலும் சவாரிப் பள்ளிகள் பெருகுகின்றன. பயிற்சியாளர், லாய மேலாளர், குதிரை வைத்தியர் என்று கேட்டு வருகிறார்கள்.

இவை போக, உத்தரப் பிரதேசச் செங்கல் சூளைகளிலும் கேதார்நாத் பாதையிலும் உழைக்கும் குதிரை, கோவேறு கழுதைகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் உண்டு. மருந்தியல், வேதியியல் பிடிக்குமென்றால் டெல்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக்கூடம் குதிரை மாதிரிகளையும் சோதிக்கிறது. ஆராய்ச்சி என்றால் ஹரியானாவின் ஹிசாரில் 1985இல் தொடங்கிய தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். அதன் பிகானேர் கிளையில்தான் மார்வாரி, காத்தியாவாரி போன்ற நம் நாட்டு இனங்களின் இனப்பெருக்க வேலை நடக்கிறது. நீங்கள் அந்தியூரில் பார்த்து மயங்கிய, காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் குதிரைகள் இந்த இரண்டு இனங்கள்தான்.

இத்தனை கதவுகளையும் பாருங்கள். முக்கால்வாசிக் கதவுக்குச் சாவி கால்நடை மருத்துவப் பட்டம். அதனால்தான் அப்பா சொல்வது சரி என்றேன்.

தமிழ்நாட்டில் அந்த இடத்துக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் மதிப்பெண் பார்ப்பார்கள். உள்பயிற்சியும் சேர்த்து ஐந்தரை வருடம். வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கல்லூரி 1903இல் தொடங்கியது, நாமக்கல் உங்களுக்குப் பக்கம். ஒரு குறையை ஒளிக்காமல் சொல்கிறேன்: பாடம் பெரும்பாலும் மாடு, எருமை, ஆடு, கோழி. நாட்டின் தேவை அதுதான், தப்பில்லை. ஆனால் ஐந்தரை வருடத்தில் தொட்ட குதிரைகளை விரல் விட்டு எண்ணிவிடும் மாணவர்களும் உண்டு. ஆகவே குதிரைப் படிப்பை நீங்களே அதற்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். சென்னைக் கல்லூரி கிடைத்தால் முதல் வாரமே என்.சி.சி.யின் ரிமவுண்ட் அண்ட் வெட்டர்னரி பிரிவில் பெயர் கொடுங்கள். சவாரியும் கற்றுத் தருவார்கள், லாய வேலையும் வாங்குவார்கள். விடுமுறைகளைப் பண்ணையிலோ பந்தய லாயத்திலோ கழியுங்கள். உள்பயிற்சியில் குதிரை இருக்கும் இடத்தை அடம்பிடித்துக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். நான் போன இடத்தில் மூன்று மாதம் கோழித் தீவன மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பட்டம் கையில் வந்த பிறகு வெளிநாடு போனால் அது வேறு மாதிரி இருக்கும். அயர்லாந்து நேஷனல் ஸ்டட் ஜனவரியில் ஆரம்பித்து ஏறக்குறைய ஆறு மாதம் இனப்பெருக்கப் பருவம் முழுக்க வேலையோடு கற்றுத் தருகிறது. கோடோல்ஃபின் ஃபிளையிங் ஸ்டார்ட் என்று ஒன்று உண்டு: இரண்டு வருடம், அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, துபாய் என்று சுற்றி, பந்தயத் தொழிலின் நிர்வாகத்தைச் செலவெல்லாம் ஏற்று கற்றுத் தருகிறார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு பேர்தான், போட்டி கடுமை. அங்கேயே மருத்துவராகத் தொழில் செய்வதற்கு அந்தந்த நாட்டுத் தேர்வு எழுத வேண்டும், நம் பட்டத்தை அப்படியே ஏற்க மாட்டார்கள். இந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஈக்வைன் சயின்ஸில் முதுநிலைப் படிப்பு வேண்டும் என்று தோன்றினால், அப்போது படியுங்கள். மூன்று வருடப் பணம் வேண்டாம், ஒரு வருடப் பணம் போதும்.

மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்றால்? உலகம் முடிந்துவிடாது. லாடம் அடிக்கும் தொழிலை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏஜென்ட்டுக்கு அதில் கமிஷன் இல்லை. ‘குளம்பில்லையேல் குதிரையில்லை’ என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. சவாரிக் குதிரைக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை, பந்தயக் குதிரைக்கு அதைவிட அடிக்கடி, குளம்பைச் செதுக்கி லாடம் மாற்ற வேண்டும். கொஞ்சம் கோணலாக வெட்டினாலும் மேலே மூட்டு வரைக்கும் இழுக்கும். இங்கிலாந்தில் 1975ஆம் வருடச் சட்டப்படி பதிவு இல்லாமல் குதிரைக்கு லாடம் அடிப்பதே குற்றம். வருடக்கணக்கில் குருவிடம் தொழில் பழகி, தேர்ச்சி பெற்றுத்தான் பதிவு செய்ய முடியும். பெண்களும் அங்கே செய்கிறார்கள். இங்கே அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் கைத்தொழில், நல்ல கை அபூர்வம். எனக்குத் தெரிந்த ஒரு லாடக்காரர் மாதத்தில் பாதி நாள் விமானத்தில்தான் இருக்கிறார். அவர் சம்பாத்தியம் என்னுடையதைவிட அதிகம் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். முதுகுதான் போய்விடும்.

ஆனால் இந்த முடிவெல்லாம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தேர்வு முடிந்ததும் இரண்டு மாதம் ஏதாவது ஒரு லாயத்தில் போய் நில்லுங்கள். சம்பளம் கேட்காதீர்கள். முதலில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். காலை நாலரைக்கு வேலை தொடங்கும். ஒரு குதிரை ஒரு நாளைக்குப் போடும் சாணி பதினைந்து இருபது கிலோ, அதை நீங்கள்தான் அள்ள வேண்டும். காலை மிதிக்கும், தோளைக் கடிக்கும். மழையில் நனைந்த வைக்கோல் நாற்றத்தில், பண்டிகை நாளில், காய்ச்சல் நாளில் அதே நாலரை மணி. சந்தையில் அலங்காரத்தோடு ஆடுகிற குதிரையைப் பார்த்து வந்த ஆசை இதில் கரைந்து போகலாம். கரைந்தால் நல்லது, லட்சக்கணக்கில் மிச்சம். கரையவில்லை என்றால் அங்கே இருக்கிற குதிரைக்காரரை விடாதீர்கள். படிக்காத மனிதராக இருப்பார், குதிரை காதைத் திருப்பும் விதத்தைப் பார்த்து நாளைக்கு அதற்கு வயிறு வலிக்கும் என்று இன்றைக்கே சொல்வார். நான் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்டுபிடிப்பதை அவர் தூரத்திலிருந்து கண்டுபிடித்த நாட்கள் நிறைய.

அதற்கு முன்னால் ஆடி வந்துவிட்டால், அந்தியூருக்கு இந்தத் தடவை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். எல்லாரும் சுழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த இடத்தில் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது, அந்த இடத்தில் இருந்தால் யோகம் என்று விலையே அதில்தான் ஏறி இறங்கும். நீங்கள் பல்லைப் பாருங்கள். நிலையான முன்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் ஜோடி ஜோடியாக முளைக்கும். மேல்வரிசை ஓரப் பல்லில் பத்து வயது வாக்கில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு ஆரம்பித்து, இருபதில் பல்லின் அடிவரை இறங்கியிருக்கும். விற்பவர் சொல்லும் வயதையும் பல் சொல்லும் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பக்கவாட்டில் நின்று குளம்பைப் பாருங்கள், வளையங்கள் பின்பக்கம் விரிந்து போனால் என்றைக்கோ பாதம் வீங்கிய குதிரை. உரிமையாளர் அனுமதித்தால் தாடை எலும்புக்கு அடியில் விரலை வைத்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். விலா ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள்; சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16. பின்னால் மட்டும் நிற்காதீர்கள். இருபது குதிரை பார்த்து எழுதிவிட்டு, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.